உன் கையளவில் ஒரு விசிறி

என் மேசைமேல் தையலுக்கு அச்சாக வைக்கும் புது டெம்ப்ளேட் ஒன்று கிடக்கிறது. போன வாரம் மலைக்கு வரும் மத்தியான பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகவே பார்சலை நீட்டி, "கண்ணாடிங்களா? அத்தனை வளைவுலயும் மடியிலயே வெச்சுட்டு வந்தேன், ஒடஞ்சிருந்தா என்னையச் சொல்லாதீங்க" என்றார். கண்ணாடி இல்லை, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தபோது ஒரு வாடை வந்தது. கரூரில் புது டெம்ப்ளேட் பிரிக்கும்போதெல்லாம் நீ அதை மூக்கருகே கொண்டுபோவாய். "நோம்பிக்குப் புதுத் துணி எடுத்த மாதிரி இருக்குது புள்ள" என்பாய். அந்த வாடைதான். இத்தனை நாள் கழித்து, நீ இல்லாத ஒரு வீட்டில், பலாப்பழ வாசனையோடு கலந்து அது வந்தது.

அதை எடுத்துப்போய் உன் மகளின் போர்வைமேல் வைத்தேன். பாதிவரை நீ விசிறி விசிறியாகப் போட்ட தையல். மீதிப் பாதியில் துணியும் பஞ்சும் குண்டூசிகளும்தான். புது டெம்ப்ளேட்டின் வெளிவளைவை உன் விசிறியின் வெளிவளைவோடு சேர்த்தேன். ஒரு முனை பொருந்தினால் மறுமுனை உள்ளே விழுந்தது. இருப்பதிலேயே பெரிய அளவைத்தான் கேட்டு வாங்கியிருந்தேன். ஆனாலும் பொருந்தவில்லை.

உன் மகள் ஹாஸ்டலுக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா தைத்த போர்வை இல்லாமல் போகமாட்டேன் என்று பிடிவாதம். உன் வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். "அம்மிணி, பாதியோட குடுத்தாலும் போதும்ங்கறா. நீங்க செரமப்படாதீங்க" என்றார். தைக்காத பக்கத்துப் பஞ்சு முதல் துவைப்பிலேயே உருண்டு மூலைக்குப் போய்விடும் என்று அவருக்கு விளக்கினேன். உனக்கென்றால் விளக்கியிருக்க வேண்டாம்.

மலையிலிருந்து இறங்கிப்போய் வேலை செய்த கரூர் கம்பெனியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷின். வெளிநாட்டுக்குப் போகும் மெத்தைப் போர்வைகள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் விலகாமல் இருக்க விசிறி விசிறியாகத் தையல். ஒரு பெரிய வளைவு, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. முதல் விசிறியின் முதுகில் சாய்ந்தபடி அடுத்த விசிறி. அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் கையால் தைத்த வடிவம் என்று சூப்பர்வைசர் சொன்னார். நமக்குக் கைத்தையல் இல்லை. டெம்ப்ளேட்டைத் துணிமேல் இடது கையால் அழுத்திப் பிடித்தால், அதில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் வளைந்த காடிக்குள், ஊசியடியில் துணியை அழுத்தும் மெஷினின் ஃபுட் ஓடும். துணியையும் டெம்ப்ளேட்டையும் சேர்த்து நகர்த்த வேண்டும். பிடி தளர்ந்தால் டெம்ப்ளேட் வழுக்கும், ஊசி அதில் மோதி ஒடியும். பங்குனி வெயிலில், கூரைத் தகடு காய்ந்துகொண்டிருக்க, மடி நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு தைத்தோம்.

"குளுரு நம்ம மலைல. போர்வை போறது எந்தத் தேசத்துக்கோ" என்றாய் ஒருநாள்.

"அங்க ஒருத்தி நமக்கு வேட்டி நெய்ஞ்சுட்டு இருப்பா" என்றேன்.

"வேட்டி கட்டற ஆளு உனக்கு எங்க இருக்கறான்? மொதல்ல அவனைக் காட்டு புள்ள."

முன் வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் கூசும் என்று தெரிந்தே நீ அப்படிச் செய்வாய். அப்புறம் உன் டப்பாவிலிருந்து மாங்காய்த் துண்டை எடுத்து என் பக்கம் தள்ளுவாய்.

நான் ஒரு புத்தகத்தில் படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் உனக்குச் சொன்னேன். அந்த விசிறியை முதலில் வரைந்த பெண்களிடம் அச்சு ஒன்றும் இல்லை. துணிமேல் முழங்கையை ஊன்றி, விரலில் சுண்ணக்கட்டியைப் பிடித்துக் கையை ஒரு சுழற்றுச் சுழற்றுவார்கள். அதுதான் வளைவு.

"அப்படின்னா ஒவ்வொருத்திக்கும் விசிறி வேற வேற அளவா?"

"ஆமா. அவ கை எவ்வளவோ அவ்வளவு."

நீ சோற்றுக் கையோடு முழங்கையை மேசைமேல் ஊன்றி, காற்றில் ஒரு வளைவு இழுத்தாய். குழம்பு எதிரில் இருந்தவள் துப்பட்டாவில் தெறித்தது. "பேய் புடிச்சிருச்சா உனக்கு?" என்று அவள் கத்தினாள். நீ காதிலேயே வாங்கவில்லை.

"அப்ப நாம தெக்கறது எவ கையி புள்ள?"

கம்ப்யூட்டரில் யாரோ முடிவு செய்த அளவாக இருக்கும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. எவளோ ஒருத்தியின் கையை வைத்துத்தான் முதலில் வரைந்திருப்பார்கள், அவளிடமிருந்துதான் இது வந்திருக்கும் என்றாய். அன்று ஷிஃப்ட் முடியும்வரை மெதுவாகவே தைத்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "யாரு கை மேலயோ கைய வெச்சு அழுத்தற மாதிரியே இருக்குது" என்றாய். எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு அப்படி ஒன்று தோன்றவில்லை.

பிறகு நீ மலையிலேயே எடப்புளி நாட்டுக்கு வாக்கப்பட்டுப் போனாய். அப்பாவுக்கு முடியாமல் போனபோது நானும் வேலையை விட்டு என் ஊரான வளப்பூருக்கே திரும்பி வந்தேன். உன் மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம். எங்கோ சொல்லிவைத்து ஒரு பழைய மெஷினும் மோட்டாரும் வாங்கியிருந்தாய். "கம்பெனில வெள்ளக்காரனுக்குத் தெச்சது போதும். நம்மாளுகளும் குளுருலதான கெடக்கறாங்க" என்றாய். பருத்திச் சேலைகளை அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, விசிறித் தையல் போடலாம் என்பது உன் திட்டம். டெம்ப்ளேட்டுக்கு எங்கே போவது என்று கேட்டேன். நீ வலது கையைத் தூக்கிக் காட்டினாய்.

உன் வீட்டு முற்றத்தில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றினாய். அது நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். பென்சில் ஒரு வளைவு போட்டது. விரல்களை மடக்கி மடக்கி உள்வளைவுகளையும் போட்டாய்.

"என் கை இன்னும் நீளம். பெரிய விசிறியா விழும்" என்றேன்.

"உன் கைய வெச்சா மெஷின் கழுத்துக்குள்ள ஆனையை நொழைக்கற மாதிரிதான். பொஸ்தகம் தூக்கற கையி அது, அந்தப் பக்கம் போ."

உன் வீட்டுக்காரர் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். "சண்டை முடிஞ்சாச் சொல்லுங்க. நான் பலகைய அறுக்கோணும்" என்றார்.

ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே இருக்கும் அந்தக் கழுத்து இடைவெளிக்கு உன் கையளவே பெரிதுதான். பாதி வளைவு தைத்து, துணியைச் சுருட்டித் திருப்பி, மறுபாதியைத் தைப்போம். முதல் போர்வை மலைக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் அக்காவுக்கு. நடுக்கத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். பிறகு வளப்பூரிலிருந்தும் ஆட்கள் பழைய சேலைகளைக் கொண்டுவந்தார்கள். நீ தைத்தால் ஒரு விசிறி கோணினாலும் பிரித்துவிடுவாய். "போத்திட்டுத் தூங்கறவங்க கண்ண மூடிட்டுத்தான தூங்குவாங்க, யாரு பாக்கறா?" என்று கேட்டால், "நான் பாப்பேன்" என்பாய்.

உன் மகளின் போர்வையைத் தொடங்கியபோதே உனக்கு நோய் வந்திருந்தது. அப்போது அது ரத்தப் புற்று என்று நமக்குத் தெரியாது. அசதி என்றாய். கீரை சாப்பிட்டால் சரியாகும் என்றாய். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில், வளைவுகளில் உன் தலை என் தோளுக்கும் ஜன்னல் கம்பிக்கும் மாறி மாறிச் சாய்ந்தது. ஊருக்கு வந்த மறுநாளே மெஷினில் உட்காருவாய். உன் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. பலகையில் இருந்த கை மட்டும் அப்படியே இருந்தது.

கடைசி வரிசையை நீ தைத்த நாளில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். இடது கைக்கு அழுத்தம் போதவில்லை. பலகை வழுக்கியது. வளைவு நெளிந்து பக்கத்து விசிறிக்குள் ஏறியது. ஊசி ஒடிந்தது. மாற்றினேன். மறுபடி ஒடிந்தது. நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாய். அந்த வரிசை முழுவதும் நெளிந்தே போனது. முடித்ததும் கையைத் துணிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். பிரிக்கச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. "பசிக்குது புள்ள, கஞ்சி இருந்தாக் குடு" என்றாய். கொண்டுவந்தபோது தூங்கியிருந்தாய்.

மார்கழியில் போனாய். உன்னைக் கொண்டுபோனவர்கள் திரும்பி வந்ததும் குளிக்க, வீட்டில் இருந்தவர்கள் வெந்நீர் வைத்தார்கள். விறகு ஈரம், பிடிக்கவில்லை. மெஷினுக்கு அடியில் கிடந்த பலகையை யாரோ எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார்கள். எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பலகையைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் உன் மாமியார், "காடி காடியா வெட்டுன ஒரு பலகைத் துண்டுங்களா சாமி? எரிச்சுட்டமே. வேணும்ங்களா அது?" என்று கேட்டார். அழுது வீங்கிய முகம். "இல்லீங்க அத்தை. சும்மாதான் கேட்டேன்" என்றேன். அது பலகை இல்லை, உன் கை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் அந்த அம்மா அதையும் சேர்த்துச் சுமந்திருப்பார்.

போர்வையை என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். நீ தைத்த விசிறியின்மேல் செய்தித்தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தேன். தையல் விழுந்த துணி சுருங்கியிருந்ததால் வளைவு சின்னதாக வந்தது. கொஞ்சம் கூட்டி வரைந்தேன். அதுவும் உன்னுடையதாக இல்லை. உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் பென்சில் கோட்டின் மேலேயே அறுத்தவர், அளவு எதுவும் எடுத்துவைக்கவில்லை. "வெந்நி வெச்சப்ப நான் ஊட்டுல இருந்திருந்தா பலகைய எடுத்து வெச்சிருப்பேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் இந்தப் பிளாஸ்டிக்கை வரவழைத்தேன். அதுவும் பொருந்தாததைக் கண்ட அன்று, நீ இறந்த நாளில் வராத அழுகை எனக்கு வந்தது. உன் வளைவு அந்தப் பாதித் துணியோடு நின்றுவிடும். எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது அதுதான்.

சனிக்கிழமை அப்பாவோடு உன் மகள் வந்தாள். போர்வையை எடுத்துப்போகத் தயாராக ஒரு பை கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, பலகை, பொருந்தாத வளைவு. பலகை எரிந்ததை மட்டும் மறைத்து, தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அவள் உன்னைப்போலவே தன் முழங்கையைத் துணிமேல் ஊன்றிக் கையைச் சுழற்றிப் பார்த்தாள். சிறிய வளைவு. அதைப் பார்த்து அவளே உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க கைய வெச்சு வரைங்க சின்னம்மா."

"என் கை நீளம் கண்ணு. அம்மா தெச்சதுக்கும் இதுக்கும் சேராது. நடுவுல தனியாத் தெரியும்."

"அம்மா வேற, நீங்க வேறதானுங்களே. தெரிஞ்சா என்னாங்க?"

உன் வீட்டுக்காரர் எழுந்துபோனார். கொல்லையில் கிடந்த ஒரு பலகையைத் தட்டித் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். நான் முழங்கையை ஊன்றினேன். உன் மகள் அது நகராமல் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தைத்தேன். உன் கடைசி வரிசையைப் பிரிக்கவில்லை. பிரிக்கும் கத்தியை ஒருமுறை கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நெளிந்த அந்த வரிசையின் முதுகில் என் முதல் விசிறி போய்ச் சாய்ந்தது. அளவு சேரவில்லை. இடைவெளிகள் ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒன்றுமில்லாமலும் விழுந்தன. யார் பார்த்தாலும் இரண்டு பேர் தைத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

இன்று காலை ஹாஸ்டலுக்குப் புறப்படுமுன் அவள் போர்வையை விரித்து, படுத்துப் பார்த்தாள். உன் பக்கத்தைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்வாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து போர்வையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டாள்.

"கால்தானுங்க சின்னம்மா எனக்குக் குளுரும். அம்மா பக்கம் காலுக்கு."

பஸ் போனபிறகு மேசையைத் துடைத்தேன். நூல் பிசிறுகளைக் கூட்டினேன். இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை விண்ணென்று வலித்தது. நாளெல்லாம் டெம்ப்ளேட்டை அழுத்தினால் வரும் வலி அது. கரூரில் டீ நேரத்தில் நீ என்னைக் கேட்காமலே என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் உன் கட்டைவிரலால் அழுத்துவாய். வாய் வேறு யாரிடமோ வேறெதோ பேசிக்கொண்டிருக்கும். அது எந்த இடம் என்று நான் உனக்கு ஒருநாளும் காட்டியதில்லை. உனக்கும் அங்கேதான் வலித்தது.

இன்று மாலை வெகுநேரம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறு கையால் நானே அழுத்திப் பார்த்தேன். இடம் சரிதான். வலி போகவில்லை.