வாவிப்பக்கத்து நாலாம் யன்னல்

உன் கருநீலச் சீலை என் மடியில் கிடக்கிறது. மெழுகுதிரி மணம் அதை விட்டு இன்னும் போகவில்லை. நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. நீ மஞ்சள் நூலால் தைத்த அதே இடம், அதே கோடு. ஊசியில் நூல் கோக்க நாலு தரம் முயன்றுவிட்டேன். ரேடியோவுக்குள் மயிர் போன்ற கம்பியை ஈயத்தால் ஒட்டுகிற கை இது. ஊசியின் காதிடம் தோற்றுப்போகிறது. இன்று உயிர்த்த ஞாயிறு. நேற்று நடந்ததை உனக்குச் சொல்லி முடித்தால் ஒருவேளை நூல் உள்ளே போகும்.

நாங்கள் கலியாணம் முடித்தபின் வந்த முதல் தபசு காலம் உனக்கு நினைவிருக்கும். விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் இருந்து நீ சட்டம் போட்டாய்.

"இறைச்சிய விடுறது ஒரு தவமா? நாம இறைச்சி கண்டு எத்தின மாசம். வாவி இறால விட்டாத்தான் தவம். நான் இறால விடுறன். மறுகா, உங்கட அம்மாவப் பத்தி நாப்பது நாளைக்கு ஒண்டும் கதைக்க மாட்டன்."

"நாப்பத்தோராம் நாள்?"

"சேத்து வெச்சுக் கதைப்பன். நீங்க என்னத்த விடப் போறீங்க?"

"கரண்ட விட்டுட்டன்."

"அத நீங்க விடல்ல. அதுதான் உங்கள விட்டுட்டுப் போயிற்று."

சண்டை தொடங்கி ஊருக்கு மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. டெக்னிக்கல் கல்லூரியில் மின்சாரம் படித்துவிட்டு, சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாட வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்று நீ சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. எதிரே வந்த பங்குச் சாமியார் தன் சைக்கிளை நிறுத்தி, "சாம்பல் பூசின முகத்தோட இப்பிடியா சிரிக்கிற, பிள்ள?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

பெரிய கிழமைக்கு முன் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறு மணிக்கு ஊரடங்கு. படுவான்கரைச் சனம் அதற்குமுன் தோணியில் வாவியைக் கடந்து வீடு சேர வேண்டும். ஆகவே உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமையின் இரவுப் பூசையைப் பின்னேரம் மூன்று மணிக்கே வைக்க வேண்டியதாயிற்று. இருட்டில் திரி ஏற்றித் தொடங்குகிற பூசையைச் சித்திரை வெயிலில் எப்படி வைப்பது என்பதுதான் அவருடைய கரச்சல்.

"தம்பி, நீ படிச்ச ஆள். கோயிலுக்குக் கொஞ்சம் இருட்டு வேணும்."

எனக்கு வெளிச்சம் கொண்டுவரத்தான் சொல்லித் தந்திருந்தார்கள். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, குசினிக்குள் இருந்து உன் குரல் வந்தது. "சீலை கட்டினாச் சரிதானே, பாதர்."

இரண்டு நாள் வீடு வீடாகப் போனாய். கறுப்பு, நீலம், அரக்கு. சீலை, சாறன், போர்வை எல்லாம் வாங்கினாய். எல்லாவற்றையும் பொதியாகக் கட்டி சைக்கிளில் ஏற்றி வருகையில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் பொதியைத் துவக்கால் குத்திப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் "இது என்ன?" என்றான். நான் சைக்கிளைச் சாய்க்க இடம் தேடினேன். நீ முன்னே வந்தாய்.

"இருட்டு. கோயிலுக்கு இருட்டுக் கொண்டு போறம்."

தமிழ் நன்றாகத் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டார்கள். அவன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ராவில பூச வெச்சாச் சரிதானே" என்றான். "அதுக்கு நீங்க விட மாட்டீங்களே, தம்பி" என்றாய் நீ. அவன் பொதியை அவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். பிறகு, அவிழ்த்துப் போட்ட சீலைகளைத் தானே ஒவ்வொன்றாக மடித்துத் தந்தான், மூலைக்கு மூலை சரியாக. வழியெல்லாம் நீ அதையே சொல்லிக்கொண்டு வந்தாய்: "அவன்ட அம்மா நல்லாப் பழக்கியிருக்கா."

துணியை ஏற்றுவது உன் யோசனை, இறக்குவது என் யோசனை. ஒவ்வொரு துணியின் மேல் விளிம்பையும் ஒரு தடியில் சுற்றி, தடியின் நடுவில் ஒரு கம்பி வளையம் போட்டு, யன்னலுக்கு மேலே ஆணியில் கொளுவினேன். ஒரு பக்கத்து வளையங்கள் எல்லாம் ஒரே கயிற்றில். உயிர்ப்பு மணி அடிக்கும்போது கயிற்றை இழுத்தால் துணிகள் வரிசையாகக் கழன்று விழும், வெளிச்சம் வரும். தெருப்பக்கக் கயிறு என் கையில், வாவிப்பக்கக் கயிறு உன் கையில். வாவிப்பக்கத்து நாலாம் யன்னலில் உன்னுடைய இந்தச் சீலை.

வெளியே மூட்டிய புதுநெருப்பு வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. சூடு மட்டும் அடித்தது. உள்ளே வந்தால் நல்ல இருட்டு. வேர்வையும் பழைய சீலை மணமும். பாஸ்காத் திரியிலிருந்து நெருப்பு கைக்குக் கை மாற, முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஊருக்கு இருட்டுப் பஞ்சம் இல்லாத காலம் அது. ஆனால் அந்த இருட்டுகள் எங்கிருந்தோ வந்து எங்கள்மேல் இறங்கியவை. இது எங்கள் துணியால் நாங்களே கட்டியது. நாங்களே இழுத்து விழுத்தலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதுதான் பெரிய சந்தோசமாக இருந்தது.

'உன்னதங்களிலே' பாட்டுத் தொடங்கி மணி அடித்ததும் இழுத்தோம். என் பக்கம் நாலும் விழுந்தன. உன் பக்கம் மூன்று விழுந்தன. நாலாவது மாட்டிக்கொண்டது. அந்த ஆணி மேல்நோக்கி வளைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு, சனம் இருக்கிற மர வாங்கில் ஏறி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். பாட்டையும் மணியையும் மீறிச் 'சர்' என்று ஒரு சத்தம். பாதிச் சீலை உன் தலையில் விழுந்தது. கிழிந்த இடத்தால் வாவியின் வெளிச்சம் முழுவதும் உன்மேல் கொட்டியது. தலையில் சீலையோடு நீ சிரிக்க, பீடத்தில் சாமியார் சிரிக்க, சனம் சிரித்துக்கொண்டே பாடியது.

கடையில் நீல நூல் இல்லை. சாமான் வராத காலம். கிடைத்த மஞ்சளால் தைத்தாய். அடுத்த வருடம் நான் முன்யோசனையாக அந்த ஆணியைச் சுத்தியலால் நேராக்கினேன். நீ கண்டுவிட்டாய்.

"ஆர் உங்கள அத நேராக்கச் சொன்ன?"

"மாட்டுமே, புள்ள."

"மாட்டட்டும். ஒரே இழுவையில எல்லாம் சரிவந்தா எங்கட சனம் நம்பாது. வளைச்சு விடுங்க."

வளைத்துவிட்டேன். பிழையைத் திருத்தப் படித்தவன், திருத்திய பிழையைத் திரும்பச் செய்துவிட்டு இறங்கினேன். அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நீ வாங்கில் ஏறுவதைப் பார்க்கவே பிள்ளைகள் வாவிப்பக்கம் முண்டியடித்தார்கள்.

பிறகு ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் நீ இல்லை.

கரண்ட் அடித்த கை கொஞ்ச நேரம் சொந்தக் கையாக இருக்காது. நெருப்பில் வைத்தாலும் தெரியாது. நான் முழுவதும் அப்படி ஆகிப்போனேன். ரேடியோ திருத்தினேன். உன் தங்கச்சி கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டேன். சிலுவைப்பாதைக்குப் போய் முழங்காலில் நின்றேன். எதுவும் உள்ளே போகவில்லை. உன் உடுப்புப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் உன் மணம் வெளியேறி முடிந்துவிடும் என்று ஒரு பயம்.

போன கிழமை உன் தங்கச்சி வந்தாள். இந்த வருடம் துணி சேர்ப்பது அவள்.

"அத்தான், அக்காட கருநீலச் சீலை வேணும்."

"அது இல்ல. எலி வெட்டிற்று."

தபசு காலத்தில் பொய். அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "ஓம், எலிதானே" என்றுவிட்டுப் போனாள்.

நேற்றுப் பின்னேரம் கோயிலுக்குப் போனேன். கடைசி வாங்கில் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். மற்ற ஏழு யன்னலும் கட்டியாயிற்று. வாவிப்பக்கத்து நாலாவது வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒன்றின் வழியே வந்த வெயிலில் கோயில் முழுக்கப் பகலாக இருந்தது. சாமியார் வெளியே விறகோடு நின்றார்.

"இதுக்கு ஏன் ஒண்டும் கட்டல்ல?" என்று உன் தங்கச்சியிடம் கேட்டேன்.

"அது அக்காட யன்னல். வேற துணி போட எனக்கு மனம் வரல்ல."

"இப்பிடிக் கிடந்தா எப்பிடிப் பூச தொடங்கிற?"

"அத எலிக்கிட்டக் கேளுங்க, அத்தான்."

சைக்கிளை எடுத்து வீட்டுக்கு மிதித்தேன். பெட்டியைத் திறந்தேன். மணம் ஓடிப்போகவில்லை, மெழுகும் உன் பவுடரும் என் முகத்துக்கு வந்தன. சீலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு திரும்பினேன். சாவடியில் மறித்தார்கள். புதுச் சிப்பாய், சின்ன வயது. "என்ன?" என்றான். "இருட்டு" என்றேன். அவன் சீலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். போகச் சொன்னான்.

ஆணி வளைந்தபடியே இருந்தது. அதிலேயே கொளுவினேன். கோயில் இருண்டது. உன் மஞ்சள் தையலின் ஓட்டைகளால் மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. தெருப்பக்கக் கயிற்றை உன் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, உன் கயிற்றை நான் பிடித்தேன்.

மணி அடித்தது. இழுத்தேன். மூன்று விழுந்தன. நாலாவது மாட்டியது. பாட்டு நிற்கவில்லை, ஆனால் எல்லாத் தலையும் திரும்பின. யாரும் எழுந்து வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு, இன்னும் பலமாகப் பாடினார்கள். செருப்பைக் கழற்றினேன். வாங்கில் ஏறினேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். 'சர்' என்றது. உன் சீலை என் தலையில் விழுந்தது. அதன் நீலத்துக்குள்ளே, உன் மணத்துக்குள்ளே, யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று தெரிந்தது. சீலையை விலக்கினேன். வாவி முழுவதும் மினுங்கிக்கொண்டிருந்தது. கண் கூசியது. கூசுவது எனக்குத் தெரிந்தது.

இறங்கும்போது உன் தங்கச்சி காதருகில் சொன்னாள்: "நல்லாத்தான் வெட்டியிருக்கு, எலி."

இப்போது அவள் குசினியில் இறால் கறி வைக்கிறாள். வரும்போது இரண்டு நூற்கட்டை கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "கடையில இப்ப நீலமும் வந்திருக்கு, அத்தான். எதால தைக்கப் போறீங்க?"

மஞ்சளை எடுத்தேன். அடுத்த பெரிய சனிக்கும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வர வேண்டும். தையல் கோணல்மாணலாகத்தான் வரும், நீ சிரிப்பாய். சிரி. சுத்தியல் என் சாமான் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அந்த ஆணியை நான் தொட மாட்டேன்.

நூல் இந்த முறை உள்ளே போய்விட்டது.