ஜப்பானுக்கு ஒரு பெட்டி

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
ஞாயிறு

என் கண்ணுக்கு,

ஜப்பான் பயணத்துக்கு நேற்று பெட்டி வாங்கப் போனோம். விலை குறைந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. சக்கரம் தாங்குமா என்று பார்க்க உன் அப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். இப்பத்தான் நல்லா எளச்சிருக்கேனே, இழு!"

கடை முழுக்க இழுத்தேன். ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்த இந்த ஒரு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதையே எடுக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"கொஞ்சம்தான் வெல கூட. பத்து வருஷம் வாரன்டி இருக்கறதையே எடுக்கலாம்."

அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசவே பயந்த மனிதர், கண்ணு! மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன்.

முத்தங்களுடன்,
அம்மா