மகன், மருமகன், பேரன்

2 மார்ச் 2008, ஞாயிறு

இல்லை, யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பதினான்கு வருடமாக நடந்த ஒன்றை ஒரே பின்னேரத்தில் பிரித்தார்கள். நடுவில் றோல்ஸ் சாப்பிட்டார்கள்.

கெல்சென்கிர்ச்சன், தேவாலய மண்டபம். பழைய மாணவர் கிண்ணத்தின் வருடாந்தக் கூட்டம். பள்ளிக்கூடங்கள் இருப்பது அங்கே: யாழ்ப்பாணம், மன்னார், தீவுப்பக்கம். உதைபந்தாட்ட அணிகள் இருப்பது இங்கே, ஜெர்மனியில். அங்கே படித்தவர்களுக்கு இப்போது முழங்கால் நோகிறது. அவர்களுடைய பிள்ளைகள்தான் ஓடுகிறார்கள், கண்ணால் காணாத ஒரு பள்ளிக்கூடத்தின் நிறத்தை உடுத்திக்கொண்டு.

யாகோப்பு மாமா எழும்பி நின்றார். அம்மாவின் தம்பி, நீலச்சட்டைக் கல்லூரியின் செயலாளர். ஐந்து பெரிய கல்லூரிகளும் விலகுகின்றன என்றார். பாரிஸ், லண்டன், சூரிச் கிளைகளோடு சேர்ந்து ஐரோப்பியக் கிண்ணம். செப்டெம்பரில், டுசல்டோர்ஃபில், செயற்கைப் புல்லில்.

"தரம் எண்டு ஒண்டு இருக்குத்தானே. பதினொண்டுக்குப் பூச்சியம் எண்டு அடிச்சு எங்களுக்கும் அலுத்துப்போச்சு."

அப்பா கேட்டார்: "அப்ப நாங்கள்?"

"நீங்கள் சின்னனா ஒண்டு நடத்துங்கோ அத்தான். ஆர் வேண்டாம் எண்டது?"

அப்பா கையிலிருந்த றோல்ஸைப் பார்த்தார். "றோல்ஸ் நல்லா இருக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது.

4 மார்ச்

நறுவிலியடி றோமன் கத்தோலிக்கப் பாடசாலை. மன்னார்ப் பெருநிலப்பரப்பு. அப்பா படித்தது அங்கே. எனக்கு அது ஒரு மஞ்சள் சட்டை. வேறெதுவும் இல்லை. படம்கூட இல்லை. யாரும் அதைப் படம் பிடிக்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டையை நான் போட்டதில்லை. விதி இரண்டு: ஒரு பள்ளிக்கூடத்துக்கு விளையாடுபவர் அதன் பழைய மாணவராகவோ, பழைய மாணவரின் மகன், மருமகன், பேரனாகவோ இருக்க வேண்டும். மருமகன் என்றால் மகளைக் கட்டியவர்; பேரன் என்றால் மகனின் மகன். 1994இல் அப்பா எழுதியது. அவருடைய தெளிவான கையெழுத்து. இன்னாசித்தம்பி என்று கீழே ஒப்பம்.

பன்னிரண்டு வயதில், நானும் ஆடலாமா என்று கேட்டேன். அப்போது நான் ஜெர்மன் கிளப்பில் பெண்பிள்ளைகளின் அணியில் ஆடிக்கொண்டிருந்தேன்; தம்பி றொனால்ட் பந்தைக் கண்டால் கண்ணை மூடுவான். அப்பா சொன்னார்: "விதி அப்பிடி, பிள்ளை." யாரோ வானத்திலிருந்து போட்ட விதி மாதிரி.

பதினெட்டு வயதில் நடுவர் பரீட்சை எழுதினேன். இப்போது கிண்ணத்தில் விசில் ஊதுவது நான். மைதானத்துக்குள் போக எனக்குக் கிடைத்த வழி.

16 மார்ச், குருத்தோலை ஞாயிறு

புதுக் கிண்ணத்தின் விதிகள் வந்துவிட்டன. தாய்வழியும் செல்லும்.

சாப்பாட்டு மேசையில் றொனால்ட் சொன்னான். அம்மாவின் அப்பா நீலச்சட்டைக் கல்லூரியில் படித்தவர். ஆகவே றொனால்ட் அவர்களுக்கு ஆடலாம். மாமா கேட்டுவிட்டார். இவன் ஓம் என்று சொல்லிவிட்டான்.

அப்பா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "உன்னோட எங்களுக்குப் பன்னிரண்டு பேர். நீ போனால்?"

"அக்காவைக் கட்டிக்குடுங்கோ அப்பா. டோர்ட்முண்டில ஒரு நல்ல டிஃபென்டர் இருக்கிறான். மருமகன் செல்லும்தானே. சீதனமா ரெண்டு சோடி பூட்ஸ்."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஒரு கணம் — பொய் சொல்லவில்லை — ஒரு கணம் அவர் யோசித்தார்.

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். "என்ர அப்பு படிச்சதும் பள்ளிக்கூடம்தானே."

இத்தனை வருடத்தில் அம்மாவுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று யாரும் நினைத்ததில்லை. புது விதி நினைத்திருக்கிறது. ஆள் பிடிக்கத்தான். என்றாலும் நினைத்திருக்கிறது.

5 ஏப்ரல்

மன்னாரில் மடு மாதாவின் சொரூபத்தைச் சாமிமார் கோயிலிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சண்டை அவ்வளவு கிட்ட. அப்பா வானொலியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார், வேறு ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல.

நறுவிலியடிச் சனங்களும் வெளிக்கிட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம்? "பள்ளிக்கூடமும்தான்," என்றார். பிள்ளைகளையும் கரும்பலகையையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒரு பள்ளிக்கூடம் வீதியில் போவதை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. மஞ்சள் சட்டைதான் வந்தது.

11 ஏப்ரல்

மாமா எனக்கும் போன் எடுத்தார். லைசென்ஸ் உள்ள நடுவர் இல்லாமல் மாநகரசபை மைதானம் தராது. எங்கள் ஆட்களில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்.

"செப்டெம்பருக்கு வா, பிளோறன்ஸ். உனக்கெண்டு புதுச் சட்டை அடிப்பம். அளவை மட்டும் சொல்லு."

அளவு சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். என்ன யோசனை? அவர் பக்கத்தில் அப்பா இல்லை. அதுதான் யோசனை.

1 மே

மிஞ்சியவை ஏழு. இன்றோடு நான்கு. மூன்று பள்ளிக்கூடங்கள் தங்கள் ஊருக்குக் கிட்டிய பெரிய கல்லூரிகளின் 'இணை அணி' ஆகிவிட்டன. இணை அணி என்றால் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் உட்காரலாம்.

அப்பா சனிக்கிழமைகளில் போன் எடுக்கிறார். பேசும்போது எழும்பி நின்றுகொள்கிறார். "இல்லை அண்ணை, நடத்துறம். கட்டாயம் நடத்துறம். யூலை பத்தொன்பது. கிறவுண்ட் எடுத்திட்டன்." எடுத்திருப்பது ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள அஷ மைதானம். புல் கிடையாது, சிவப்புச் சாம்பல் தூள்தான். விழுந்தால் முழங்காலுக்குள் போகும், குளித்தாலும் போகாது. அதை யாரும் கேட்பதில்லை, ஆகவே கிடைத்தது.

பொக்கும் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய கட்டுரை பாதியில் நிற்கிறது. விரிவுரைக்குப் போனேன், ஒன்றும் எழுதவில்லை.

12 மே, திங்கள்

பெந்தெகொஸ்தே விடுமுறை. வழமையாக இன்றைக்குத்தான் கிண்ணம். அப்பா காலையில் வெளிக்கிட்டுப் போனார். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மதியம் வந்தார். "எங்கட கிறவுண்டில துருக்கியர் விளையாடினம்," என்றார். "நல்லா விளையாடினம்."

8 யூன்

மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு மாம்பழப் பெட்டி, றொனால்டுக்கு நீலச்சட்டை, ஒன்பதாம் இலக்கம். றொனால்ட் அதை அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தான். வெளியே வரும்போது கழற்றியிருந்தான். அந்த அளவுக்கு நல்லவன்.

மாமா மெதுவாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. "அத்தான், கோவிக்காதேங்கோ. அந்தப் பள்ளிக்கூடம் இப்ப எங்க எண்டு உங்களுக்கே தெரியாது. மரத்துக்குக் கீழ படிப்பிக்கினமாம். ஓடாத பள்ளிக்கூடத்துக்கு இஞ்ச என்ன ரீம், என்ன கிண்ணம்?"

"ஓடிக்கொண்டுதானே இருக்கு," என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் பகிடியாகச் சொல்லவில்லை.

மாமா போன பிறகு அப்பா மாம்பழம் வெட்டித் தந்தார். எல்லோருக்கும். கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டார்.

6 யூலை

காலையில் மிஞ்சியவை மூன்று. இரவு: இரண்டு. நாங்களும் சேகர் அண்ணையின் தீவுப்பள்ளிக்கூடமும். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிண்ணம். ஒரே ஆட்டம், அதுவே இறுதியாட்டம். அப்பா கிண்ணத்தைப் பிறாசோ போட்டு மினுக்குகிறார்.

எங்களுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். "வருவினம்," என்றார்.

எத்தனை பேர் என்றுதானே கேட்டேன்.

17 யூலை

நீலச்சட்டைக்காரர் சனிக்கிழமை பாரிஸில் நட்பு ஆட்டம் ஆடுகிறார்கள். றொனால்ட் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். "அக்கா, நான் நிக்கட்டோ? நிண்டு போட்டுப் பிறகு ரயிலில போகட்டோ?" பதில் தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான். போ என்றேன். அப்பாவும் போ என்றார். ரயிலில் சாப்பிட அம்மா இடியப்பம் கட்டிக் கொடுத்தார்.

19 யூலை, சனி

எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி நினைவு வரும்.

வெயில். சாம்பல் மைதானம் சிவப்பாகக் கிடந்தது. அப்பா எங்களுக்கு முன்னால் போய் வலை கட்டியிருந்தார். மஞ்சள் சட்டை, கையுறை. ஐம்பத்தாறு வயதில் கோல் காக்க நின்றார். பழைய மாணவர், விதிப்படி சரி.

அவரையும் சேர்த்து ஆறு பேர். சேகர் அண்ணை பக்கம் எட்டு.

ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. அது அப்பாவின் விதி இல்லை. உலகம் முழுவதற்கும் உள்ள விதி. நடுவர் பரீட்சையில் முதல் பக்கக் கேள்வி. நான் நடுவரின் கறுப்புச் சட்டையில் நடுக்கோட்டில் நின்றேன். காத்திருக்கலாம் என்றேன். காத்திருந்தோம். ஒருவர் போன் எடுத்து, கார் பழுதாகிவிட்டது என்றார். இன்னொருவர் எடுக்கவேயில்லை.

சேகர் அண்ணை வந்தார். "அண்ணை, எங்கட பெடியன் ஒருத்தனைத் தாறன். சும்மா மூலையில நிக்கட்டும். ஏழுக்கு ஏழு விளையாடுவம்."

"அவன் எங்கட பிள்ளை இல்லையே," என்றார் அப்பா.

"உங்கட பிள்ளை இஞ்ச நிக்கிறாளே." சேகர் அண்ணை என்னைக் காட்டினார். "விசிலை என்னட்டத் தாங்கோ, நான் ஊதுறன். உவள் உங்கட ஆறு பேரையும் விட நல்லா ஓடுவாள்."

சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், எதிர்ப்பு இல்லாத சிரிப்பு. ஒருவர் சொன்னார்: "ஓம், அது நல்ல யோசனை." இன்னொருவர் பையைத் திறந்தார். றொனால்டின் பழைய மஞ்சள் சட்டை மடித்தபடி மேலேயே கிடந்தது. எனக்குப் பொருந்தும். பார்த்தவுடனே தெரிந்தது, பொருந்தும்.

ஏன் நான் வாயைத் திறக்கவில்லை? நான் கேட்டாயிற்று. பன்னிரண்டு வயதில் ஒருமுறை கேட்டாயிற்று. இது அவர் கேட்க வேண்டிய முறை. விசில் கயிற்றைக் கழுத்திலிருந்து பாதி கழற்றிக்கூட விட்டேன். அவர் அதைக் கண்டார். நிச்சயமாகக் கண்டார்.

அப்பா கையுறையின் பட்டியைக் கழற்றித் திரும்ப ஒட்டினார். திரும்பக் கழற்றினார்.

"விதியில இல்லை," என்றார்.

"அண்ணை, விதியை எழுதினதே நீங்கள்தானே."

"அதுதான். நானே எழுதிப்போட்டு நானே உடைச்சால், யாகோப்பு ஆக்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

என்னைப் பார்க்காமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் என்னால் ஏலாமல் போனது.

அப்பா, அவையள் உங்களை விட்டிட்டுப் போட்டினம் எண்டு எத்தினை மாசமா முகட்டைப் பார்த்துக்கொண்டு படுக்கிறியள்? கோடு கீறினவைக்கு உங்களைத் தெரியேல்லை எண்டுதானே? நான் எங்க நிண்டனான் இவ்வளவு காலமும்? கோட்டுக்கு எந்தப் பக்கம்?

சொல்லவில்லை. கயிற்றைத் திரும்பக் கழுத்தில் போட்டேன். விசிலை ஊதினேன். ஒரு முறை, நீளமாக. இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு, ஆட்டம் இல்லை என்று சொன்னேன். ஆறு பேர். கிண்ணம் தீவுப்பள்ளிக்கூடத்துக்கு. சேகர் அண்ணை அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி அதற்குள் போட்டார்.

பிறகு நானும் அப்பாவும் வலையைக் கழற்றினோம். அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கொழுக்கிகள் சூடாக இருந்தன. காருக்குள் சொன்னார்:

"சரியாத்தான் செய்தாய், பிள்ளை. ஏழு பேர் வேணும்."

20 யூலை

சப்பாத்தில் சிவப்புத் தூள். விளையாடவே இல்லை, எப்படி வந்தது?

றொனால்ட் பாரிஸிலிருந்து செய்தி அனுப்பினான். இரண்டு கோல். அப்பாவுக்குச் சொல்லட்டா என்று கேட்டிருந்தான். சொல்லு என்று அனுப்பினேன். சொன்னான். அப்பா எழும்பி நின்று கேட்டார்.

2 ஓகஸ்ட்

எழுத ஒன்றுமில்லை. கட்டுரை முடிந்தது.

9 ஓகஸ்ட், சனி

கேவலார் மாதா கோயில். தமிழர் யாத்திரை. பூசைக்கு நிற்க இடமில்லை. ஜெர்மன் மாதாவுக்கு முன்னால் எல்லோரும் மடு மாதாவைக் கும்பிட்டார்கள்.

பூசைக்குப் பிறகு அப்பா ஒரு மன்னார்ச் சாமியாரிடம் விசாரித்தார். நறுவிலியடி ஆட்கள் இன்னும் கிழக்கே போய்விட்டார்களாம். பள்ளிக்கூடம் அவர்களோடு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆசிரியர்களில் ஒருவர் இல்லையாம். இல்லையென்றால் செத்துவிட்டாரா, காணவில்லையா? சாமியார் கையை விரித்தார். அப்பா மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தும் வரிசையில் போய் நின்றார்.

கார் நிறுத்துமிடத்தில் மாமா கார்ப் பெட்டியைத் திறந்து சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் றொனால்ட், நீல ஜாக்கெட். எனக்கும் ஒரு பார்சல் நீட்டினார்.

"என்ன பிளோறன்ஸ், செப்டெம்பர்?"

வரிசை இங்கிருந்து தெரிந்தது. அப்பாவின் பிடரி தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாறன், மாமா."

சட்டை அளவு கேட்டார். சொன்னேன். பிறகு வரிசைக்குப் போனேன். அப்பா சப்பாத்து நாடா கட்டக் குனிந்தார். அவர் எழும்பும் வரை அவருடைய மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.