ரோஸ்லின் ருசி பார்த்த உப்புத் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல் காற்று. மலை தெரியவில்லை. துவைத்துப் போட்டது எதுவும் காயவில்லை.

கடல் மீன் தொட்டி வைத்துப் பதினெட்டு நாள். மணல் மேல் பழுப்பாக ஒரு படலம், டீத்தூளைத் தூவிவிட்டது மாதிரி. முந்தாநாள் ஒரு மூலையில்தான் இருந்தது. இன்று கல், கண்ணாடி, மோட்டார் குழாய், எல்லா இடத்திலும். மில்லில் முப்பது வருஷம் மெஷின் துடைத்த கை, விட்டுவிடுமா? அழுத்தித் தேய்த்தேன். சாயங்காலமே திரும்ப வந்துவிட்டது.

தொட்டி ரோஸ்லினுக்காக. அவள் கட்டிலுக்கு நேர் எதிரே. வேம்பார் கடற்கரையில் பிறந்தவள், இந்த ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். கடலைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. உடம்பு தேறட்டும், கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தேறாது. மதுரை ஆஸ்பத்திரியில் ஏப்ரலிலேயே கையை விரித்துவிட்டார்கள். ஈரல் முழுக்கப் புற்று பரவிவிட்டது. அவளிடம் காமாலை என்று சொல்லியிருக்கிறோம், மெதுவாகத்தான் இறங்கும் என்று. மகன் ஆல்வின் சொன்ன யோசனை. கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன், அம்மாவிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள் என்று. விடவில்லை.

வாங்க: ஸ்பாஞ்சு 2, தொட்டி உப்பு 2 பாக்கெட், நொய் அரிசி, ரோ. மாத்திரை.

ஜூன் 5, வியாழன்

காதர் பாய் கடைக்குப் போனேன். தொட்டியும் மீனும் வாங்கிய கடை. புதுக் கடல் தொட்டி என்றால் இந்தப் பாசி வந்தே தீரும் என்கிறார். போர் தண்ணீரில் உப்பைக் கரைத்தது இன்னும் தோதாகப் போய்விட்டதாம். கை வைக்காமல் விட்டால் ஒன்றரை மாதத்தில் தானாகப் போய்விடும் என்றார். ஒன்றரை மாதமா என்று கேட்டுவிட்டேன். செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, பாசி தின்கிற நத்தை மதுரையில் கிடைக்கும், வரவழைக்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து புது உப்புத் தண்ணீர் கரைத்தேன். வழக்கம்போல ரோ.விடம் காட்டினேன். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பத்தாது, இன்னும் ஒரு கை போடுங்க என்றாள். உப்புமானியில் பார்த்தால் 1.022. வேண்டியது 1.025. இவள் இருக்க எனக்கு இந்தக் கருவி எதற்கு?

ஜூன் 9, திங்கள்

நத்தை ஆறு வந்தது. ரோ.வுக்கு ஒரே வேடிக்கை. எண்ணிக்கொண்டே இருக்கிறாள். ஒன்று கண்ணாடியில் ஏறினால், அது போன வழி மட்டும் பளிச்சென்று ஒரு கோடு. கஞ்சி அரை டம்ளர் கூடுதலாகக் குடித்தாள்.

தொட்டியில் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது. இனி போர் தண்ணீர் கிடையாது. குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீரை ரோ. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த செப்புக் குடத்தில் பிடித்து வைப்போம். குடிக்க மட்டும்தான் அது. பங்குச் சாமியார் வந்தால் அதில் மொண்டுதான் கொடுப்பாள். வீட்டிலேயே உசந்த தண்ணீர். அதையே தொட்டிக்கு ஊற்றுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நத்தை கவிழ்ந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தேன். திரும்பக் கவிழ்ந்தன. நல்ல தண்ணீர் இன்னொரு செம்பு ஊற்றினேன்.

ரோ. கால் வீக்கம் முழங்கால் வரை.

ஜூன் 14, சனி

ஆறும் போச்சு. முருங்கை மூட்டில் குழி தோண்டிப் போட்டேன். ரோ. கேட்டாள். மணலுக்குள் போய்விட்டன, பகலில் அப்படித்தான் என்றேன்.

காதர் பாய்க்கு போன். என்ன தண்ணீர், எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடம் என்றதும், “செம்புக் குடமா அண்ணாச்சி?” என்றார். நத்தைக்கு செம்பு விஷமாம். மீன் தாங்கிக்கொள்ளும், நத்தை தாங்காதாம். கேன் தண்ணீரில் உப்பு கரைத்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார்.

இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் ஊற்றினேன். பெரிய புத்திசாலி.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ரோ.:

“நத்த செத்துப்போச்சுல்லா? கடக்கரைல பொறந்தவளுக்கு அந்த வாட தெரியாதா?”

தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“ஒரு நத்தைக்கே பொய் சொல்லுதிய. வேற என்னத்தல்லாம் மறைச்சு வச்சிருக்கிய?”

ஸ்பாஞ்சை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது, ஆல்வின் சொன்னது, எல்லாம். அவள் அழவில்லை. நான்தான். என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு:

“ஏப்ரல்லயே சொல்லியிருந்தா நான் பஸ்ஸுல போயி எங்க கடலப் பாத்துட்டு வந்துருப்பேனே.”

உண்மை. ஏப்ரலில் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்தாள். அவளைக் கூட்டிப் போகாமல் நான் தொட்டி வாங்க அலைந்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஆல்வின் போனில் கத்தினான். வைத்துவிட்டேன்.

புதன்கிழமைக்குக் கார் பேசியாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் வழியாக வேம்பார். வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரோ. நீலச் சேலையை எடுத்து வைக்கச் சொன்னாள்.

தலையணை 3, வாளி, துண்டு, பிளாஸ்கில் கஞ்சி.

ஜூன் 18, புதன்

ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் கையை இறுக்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் முடியவில்லை. மாத்திரை போட்டாள், வாந்தியாக வந்துவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். டிரைவர் இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நல்ல மனுஷன். முக்கால் மணி நேரம். கோபுரம் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள்.

“வண்டியத் திருப்பச் சொல்லுங்க.” அவளேதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நீலச் சேலையை அலசிப் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொட்டியைத் தொடவில்லை. இன்று பார்த்தால் கண்ணாடியில் பாதி, கல்லில் முக்கால்வாசிப் பழுப்பு இல்லை. தானாகப் போகிறது. மீன் இரண்டும் ஆரஞ்சு நிறமாகத் தெளிவாகத் தெரிகின்றன. எனக்குச் சந்தோஷம் இல்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் என்னத்தைத் தேய்த்தேன்?

ரோ. பெரும்பாலும் தூக்கம்.

ஜூன் 21, சனி

காற்று நின்றிருக்கிறது. புழுக்கம்.

தொட்டிக்கு மாற்றத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தேன், வாளிக்கு இரண்டு பாக்கெட் உப்பு. நடுவில் ஆல்வின் போன், அழுகிறான், நாளை வருகிறானாம். நான் வாளிப் பக்கம் திரும்பியபோது ரோ. விழித்திருந்தாள். அந்தத் தண்ணியில் காலை வைக்கணும் என்றாள்.

பேசினில் ஊற்றினேன். தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். கனமே இல்லை. கால் இரண்டும் உள்ளே. விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தாள். குனிய முடியவில்லை, கையில் மொண்டு காட்டினேன். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரியா இருக்கு. எங்க வேம்பார் தண்ணியேதான்.”

படுக்க வைத்து, காலைத் துடைத்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டிக்கு ஊற்ற வந்தேன். ஜன்னல் திண்டில் இரண்டாவது உப்புப் பாக்கெட். பிரிக்கவே இல்லை. உப்புமானியைப் போட்டேன். 1.012. பாதி உப்புதான்.

இன்று காலையில்தான், கஞ்சியில் ஒரு கல் உப்பு குறைவு என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.