மேடையில் யாரும் வாங்காத பங்கு

சனிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். எல்லோரும் உயிரோடும் ரோஷத்தோடும் இருக்கிறோம் என்று வேண்டுமானால் எழுதலாம். உன் மருமகளுக்குக் காதுவலி போய்விட்டது. இப்போது கடைவாய்ப் பல் முளைக்கிறது, கையில் அகப்படுவதையெல்லாம் கடிக்கிறாள். டிவி ரிமோட்டில் பாதி பட்டனைக் காணோம். ஒருவழியாகத் தூங்க வைத்துவிட்டு, ஒரு காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அவள்தான் காரணம், பயம் இல்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்ற காலத்திலிருந்தே பேச்சில் உன்னை ஜெயித்தவர் கிடையாது. கடன் வசூலிக்க வந்தவரிடமே ஒன்றை விற்று அனுப்பியவன் நீ. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம். கடைசி வரை படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

இன்று ஹாலில் நடந்த கம்பெனிக் கூட்டத்தைப் பற்றி, அதை நடத்திய உங்கள் கோட்டுக்காரர் இதற்குள் உனக்கு ஓதியிருப்பார். (அந்தப் புழுக்கத்திலும் மனுஷன் கோட்டைக் கழற்றவில்லை.) கூடப்பிறந்தவளே காலை வாரிவிட்டாள் என்று சொல்லியிருப்பார். வாரிவிட்டேன்தான். ஆனால் யார் காலை என்று முழுசாகக் கேட்டுவிட்டு முடிவு செய்.

நீ தங்கச் சுரங்கக் கம்பெனியில் சேர்ந்தபோது எங்களை வற்புறுத்தவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நீ உன் பணத்தைப் போட்டாய், உன்னைப் பார்த்து நாங்கள் வீட்டுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்ததைப் போட்டோம். அதற்கப்புறம் உன் மச்சான் பல் தேய்ப்பதற்கு முன்பே போனில் பங்கு விலையைப் பார்த்துவிட்டுத்தான் டிப்போவுக்குக் கிளம்புவார். தினமும் ஏறியிருக்கும். பஸ்ஸுக்கு அடியில் படுத்து நட்டு கழற்றும்போதுகூடச் சிரித்துக்கொண்டே கழற்றுகிறார் என்று அவர் கூட்டாளிகள் கிண்டல் செய்தார்களாம். எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமையும் அந்த விலை ஏறியது. சந்தை மூடிக்கிடக்கும் நாளில் யார் வாங்கி, யார் விற்று அது ஏறுகிறது? உன்னிடம் கேட்டேன். “உனக்கு நிலாவைப் பார்த்தாலும் ஓட்டைதான் தெரியும், சிடுமூஞ்சி” என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். என்னைப் படிக்க வைத்தது நீ. பீஸ் கட்டியவனிடமே பாடத்தைத் திருப்பி ஒப்பிக்க அப்போது வாய் வரவில்லை.

அப்புறம் குழந்தைக்குக் காதில் சீழ் வைத்தது. ஆபரேஷன் என்றார்கள். பங்கில் கொஞ்சம் விற்கலாம் என்று இங்கே இருக்கிற உங்கள் கிளை ஆபீசுக்கு அவளைத் தூக்கிக்கொண்டே போனேன். அங்கிருந்த பெண் நல்ல பெண், உட்கார நாற்காலி கொடுத்தாள், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினாள். “தாராளமா விற்கலாம் அக்கா, வாங்குற ஆளை மட்டும் நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க” என்றாள். நன்றாயில்லாத துணியைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், உன் பக்கத்து வீட்டுக்காரி தலையில் கட்டிவிட்டு வா என்று கடைக்காரன் சொல்வதுபோல் இருந்தது. ஆபரேஷனுக்கு மச்சான் டிப்போவில் சம்பள முன்பணம் வாங்கினார். அன்றோடு அவர் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் உன் செய்தி வந்தது. கூட்டத்தில் நான் பேச வேண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச வேண்டும், தாய் சொன்னால் தாய்மார்கள் நம்புவார்கள் என்று. அண்ணா, அந்த ஆபரேஷன் தழும்பை மறைக்கக் குல்லா போட்டு அழைத்து வா என்றும் எழுதியிருந்தாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இது நீ எழுதியது இல்லை, யாரோ உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். என்னைப் போக வைத்தது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. புது மெஷின் வாங்கச் சேர்த்த பணத்தைக் கூட்டத்தில் கட்டப் போகிறேன் என்று சந்தோஷமாகப் படியேறி வந்து சொன்னாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு, “நீ மட்டும் நல்லா இருக்கணும், நாங்க எல்லாம் ஊசியிலேயே கண்ணு போகணும், அப்படித்தானே?” என்று இறங்கிப் போய்விட்டாள். வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் பொறாமை. அப்படியென்றால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

ஹால் நிரம்பி வழிந்தது. வாசலில் உன் போட்டோவை ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள். சுரங்கத்தின் முன்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்டு நிற்கிறாயே, அதேதான். அதன் பக்கத்தில் நின்று ஆட்கள் செல்ஃபி எடுத்தார்கள். மேடையில் கோட்டுக்காரர், ஒரு கணக்கர், பிறகு கல்லை ஆராய்கிறவர் என்று ஒருவர், மூன்று பேர். கண்ணாடிப் பெட்டியிலிருந்து மினுமினுக்கிற கல்லை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்கள். என்னைப் பேச மேடையேற்றியதும் உன் மருமகள் அதைப் பிடுங்கி நேராக வாயில் வைத்தாள். தங்கமே தங்கத்தைச் சாப்பிடப் பார்க்கிறது என்று கோட்டுக்காரர் சொல்ல, ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மைக்கை என் கையில் கொடுத்தார். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“என்கிட்ட இந்தக் கம்பெனிப் பங்கு இருக்கு. இன்னைக்குப் போன்ல காட்டுற விலைல பாதி போதும். மேடையில இருக்கிறவங்க யாராவது இப்பவே வாங்கிக்கங்க” என்றேன்.

கணக்கர் கோட்டுக்காரரைப் பார்த்தார். கல்லை ஆராய்கிறவர் கைக்கடிகாரத்தை ஆராய்ந்தார். கோட்டுக்காரர் மட்டும் சிரிப்பு மாறாமல், அவசரப்படாதேம்மா, சீக்கிரமே இரட்டிப்பாகும் என்றார். இரட்டிப்பாகப் போவதைப் பாதிக்குத் தருகிறேன், உங்களுக்கு ஏன் கசக்கிறது என்று கேட்டேன். கம்பெனி ஆட்கள் வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். எங்கள் அண்ணனும் கம்பெனி ஆள்தான், அவர் தன் பணம் மொத்தத்தையும் போட்டிருக்கிறாரே, அந்த விதியை அவருக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்றேன். அப்போதுதான் அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஒரு நாளும் இறங்காத விலைக்கும் சேர்த்து அது இறங்கியதுபோல் இருந்தது எனக்கு.

இதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மேடையில் ஒரு கை எழவில்லை, ஹாலில் எழுந்தது. பாதி விலையா, எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று வரிசை வரிசையாகக் கைகள். முன்வரிசையில் தையல்காரம்மா, மிச்சத் துணியில் தானே தைத்த அந்தப் பூப்போட்ட பர்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்தக் கைகளில் சிலதை மட்டும் நான் பிடித்திருந்தால் போதும். வீட்டு முன்பணம், டிப்போ கடன், எல்லாம் சரியாகியிருக்கும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் எனக்கு ஆசை வந்தது, அண்ணா. உன்னிடம் மறைப்பானேன். உனக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு ஹாலில், ஏதோ ஒரு மேடையில் வந்திருக்கும்.

உங்களுக்கு விற்க மாட்டேன் என்றேன். உடனே ஒருவர், பார்த்தீர்களா, அவளுக்கே விட மனசில்லை என்றார். கோட்டுக்காரர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். தங்கச்சிக்கே விற்க மனசு வரவில்லை என்று அவர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நீ கேட்ட விளம்பரத்தை முடித்துக் கொடுத்தவளாகியிருப்பேன்.

அதனால் கடைசியாக ஒன்று கேட்டேன். “புதுசா ஒருத்தரைக் கொண்டுவந்து சேர்க்காம, போட்ட பணத்தைத் திரும்ப வாங்கினவங்க இங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க.”

எழுந்திருந்த கைகளெல்லாம் இறங்கின. ஆளுக்கு ஆள் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். தன்னைத் தவிர எல்லோரும் வாங்கியிருப்பார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் அதுவரை நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தானே நினைத்தேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். தூக்கமில்லாத தாய், பாவம், மனசு சரியில்லை என்று கோட்டுக்காரர் வெறும் குரலில் கத்திக்கொண்டிருந்தார். தூக்கமில்லாதது வாஸ்தவம். கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைப் பக்கம் போனது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின் கதவு வழியாக வந்துவிட்டேன்.

தையல்காரம்மா என்னோடு பேசவில்லை. நான் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் தைக்காமலே எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மாட்டட்டும். அவள் பணம் அவளிடம் இருக்கிறது. சித்தப்பா போன் செய்து, படிக்க வைத்த கையையே கடித்துவிட்டாய் என்றார். பல் முளைத்தால் கடிக்கத்தான் செய்யும் சித்தப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா, அவன் சாப்பிட்டானாமா என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை நானும், பணம் போட்ட இன்னும் சிலரும் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறோம். கோட்டுக்காரர் ஆள் அனுப்பி மிரட்டிப் பார்த்தார். வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்து, அவர் பெயரையும் விலாசத்தையும் கேட்டேன், போய்விட்டார். புகாரில் உன் பெயரும் வரும். என் அண்ணன் என்பதற்காக விட்டுவிட்டு எழுத மாட்டேன். விட்டால் அந்தத் தையல்காரம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது? திட்டு, சண்டை போடு, இனி தங்கையே இல்லை என்று சொல். எழுதத்தான் போகிறேன்.

உனக்கு எல்லாம் தெரியுமா, தெரியாதா என்று ஊரே கேட்கிறது. நான் கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் போட்டோவை இன்று ஆளுயரத்தில் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. சுரங்கத்தின் முன்னால் நிற்கிறாய், உன் ஷூ பளபளவென்று இருக்கிறது. பேண்ட் மடிப்பு கலையவில்லை. ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நம் வீட்டு மாடிக்குப் போய் வந்தாலே ஷூவைத் துணி போட்டுத் துடைக்கிறவன் நீ. அந்தக் குழிக்குள் உன்னை அவர்கள் ஒரு நாளும் இறக்கவில்லை, இல்லையா?

புதன்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. உன் பெயரை நான் எழுதுவதற்கு முன் நீயே போய்ச் சொல். பக்கத்தில் நான் நிற்பேன், குழந்தை என் இடுப்பில் இருப்பாள், குல்லா இல்லாமல். மச்சான் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் நீ எந்த நேரம் வந்து இறங்கினாலும் பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அம்மா உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டுவிட்டாள், யாரும் சொல்லாமலே.

மூத்தவனை வாழ்த்த எனக்கு வயசில்லை. வேண்டிக்கொள்ளத்தான் முடியும். ராத்திரியில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் அது நீயாக இருக்க வேண்டும், உன்னைத் தேடி வந்தவர்களாக இருக்கக்கூடாது. வழியில் எங்கேயும் நிற்காதே. ஷூவைக்கூடத் துடைக்காமல் வா.

இப்படிக்கு,
என்றும் உன்
சிடுமூஞ்சி