வழிக்காரர் என்று பெயர் வைத்தவர்கள்

கரமனை
12-8-1974

அன்புள்ள மகன் வன்னியராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், டில்லியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரித்தது போதும், இனி எழுதுவதெல்லாம் கோபம்தான்.

காட்டு மிருகங்களுக்கு மலையில் வழங்கும் பழைய பெயர்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரை தபாலில் வந்தது. மகன் பெயரை அச்சில் பார்த்த பெருமையில் நம் சாயாக்கடையில் எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தேன், முன்பெஞ்சில் உனக்கு அந்தப் பெயர்களைச் சொன்ன மாடம்மாள். சருகுக்குள் ஓடுவதால் சருகுமான் என்று வந்ததும், நான் சொன்னதுல்லா என்று சிரித்தாள். அடுத்து யானை. மூங்கில் வெட்டுகிறவர்கள் அதை வழிக்காரர் என்பார்கள், பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற அறியாமையில் பிறந்த பெயர் என்று எழுதியிருக்கிறாய். நிறுத்திவிட்டேன். மிச்சத்தையும் படிங்க அண்ணாச்சி என்றாள். படித்தேன், கடைசிவரை அவள் பெயர் இல்லை.

போன மே மாதம் டேப் ரிக்கார்டரோடு இரண்டு நாள் அவள் கூடை முடைவதைக் கெடுத்தாயே, அவள் சொன்னது இதுவா? முன்னால் போகிறவன் யானையைக் கண்டு வழிக்காரர் என்று கூவினால் பின்னால் வருகிறவர்கள் தலைச்சுமையைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும், வழி அவருடையது, அதற்காக வைத்த பெயர். பேப்பாறைக் காட்டில் அவள் புருஷன் பிச்சைக்கனி காதிலும் அது விழுந்தது. சுமையைப் போட்டவன் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று கங்காணி சொல்லியிருந்தான். அவன் போடவில்லை, மிதிபட்டுச் செத்தான். நான் படித்து முடித்ததும் மாடம்மாள், அறியாமையாம், அறிஞ்சதுனாலல்லா அண்ணாச்சி அந்தப் பேரு வச்சாவ, அந்தக் கங்காணிக்கு என்ன பேரு வச்சிருக்காராம் உங்க மவன் என்று கேட்டுவிட்டுச் சாயாவைக் குடிக்காமல் எழுந்து போனாள். ஆறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. உன் அம்மா கொண்டுபோன சோற்றையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு முன்னால் நடந்து கூவியவன் நான். என் சுமையைப் போட்டுவிட்டு ஒதுங்கினேன், வேலை போயிற்று, உயிர் இருந்தது, இந்தக் கடை வந்தது, இதில்தான் நீ படித்தாய். நீ அறியாமை என்று எழுதிய பெயரால் பிழைத்த குடும்பம் நம்முடையது.

அதே பத்திரிகையில் தப்பை ஒத்துக்கொண்டு எழுது, மாடம்மாள் பெயரையும் பிச்சைக்கனி பெயரையும் போட்டு எழுது. ஓணத்துக்கு லீவு போட்டு வந்து கடையில் அவள் முன்னால் நீயே படி. அதுவரை உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியலைப் போடாதே.

வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்க மறக்காதே. அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். என்னுடையது நீ வந்து படித்த பிறகு.

உன் அப்பா
வேல்சாமி