பதுர்தீன் நானா ஹஜ்ஜுக்குப் போகுமுன்

2025 ஏப்ரல் 19, சனி

பதுர்தீன் நானாவுக்கு இந்த வருடம் ஹஜ் விசா வந்துவிட்டது. உறுதி. சொன்னவன் றிஸ்மின். மதுரங்குளியில் அவருடைய ஹார்ட்வெயார் கடைக்குப் பக்கத்துப் பயண முகவர் கடையில் வேலை செய்பவன். விசாத் தாளைத் தன் கையால் அவரிடம் கொடுத்தவன். விமானம் மே 17, சனி அதிகாலை.

அப்படியென்றால் வீடு வீடாக வருவார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தான் நோவினை செய்தவர்களிடம் மாப்புக் கேட்டு, அவர்கள் மனசால் மன்னித்துப் பொருந்திக்கொண்ட பிறகுதான் பயணம் கிளம்ப வேண்டும். எப்படியும் வருவார். என் வாசலுக்கும்.

இருபது வருடமாக அவர் வீட்டுப் படி ஏறிக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அவரே என் படி ஏறப் போகிறார்.

வரட்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வலது முழங்கால் இன்று மோசம். உடப்புக் கடற்கரைக்குப் போய் வள்ளங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு செய்தி எடுக்க இருந்தது, போகவில்லை. சும்மா இருந்தால் பழையதுதான் வருகிறது. ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மாலைதீவில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்கு இரண்டு பருவம் சம்பளத்துக்கு ஆடினேன், பின்களத்தில். பிறகு கொழும்பில் ஒரு கழகம். அதன் மனேஜர் பதுர்தீன் நானா. ஊர்க்காரர், பதினேழு வயதில் மதுரங்குளி மைதானத்திலிருந்து என்னை எடுத்துப் போனவரும் அவர்தான். 2004 இறுதியாட்டத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் முழங்கால் புரண்டது. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை வாங்கப் போனது அவர்.

"சும்மா சுளுக்கு தம்பி. ஒரு ஊசி போட்டா ஓடுவாய்."

போட்டார்கள். ஓடினேன். இரண்டாம் பாதியில் யாரும் என்னைத் தொடவில்லை. நான் திரும்பினேன், கால் என்னோடு திரும்பவில்லை. எங்கள் கழகம் கோப்பை எடுத்ததை வைத்தியசாலைக் கட்டிலில் வைத்து ஒரு தாதி சொன்னாள். எனக்கு இருபத்தாறு வயது. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

சந்தேகமாகவே இருந்தது இந்தப் பெப்ரவரியில்தான் உறுதியானது. ஸ்கேனைப் பார்த்த டொக்டர் ஓய்வுபெற்றுச் சிலாபத்தில் இருக்கிறார். நேரில் போய்க் கேட்டேன். "உங்கட மனேஜருக்கு நான் தெளிவாச் சொன்னேனே. நார் கிழிஞ்சிருக்கு, ஆறு மாசம் பந்தத் தொடக்கூடாது எண்டு."

ஆட்டம் போன பிறகு பயிற்றுநர் ஆகலாம் என்று நினைத்தேன். பாடசாலைகள், கழகங்கள் எல்லாம் ஏறி இறங்கினேன். சிரித்துக் கதைப்பார்கள், பிறகு ஒரு பதிலும் வராது. காரணம் தெரிய ஒரு வருடம் எடுத்தது: மர்ஸூக் குடிக்கிறான் என்று ஒரு கதை. நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் காலை இழுத்து இழுத்து நடக்கிறவனைத் தெருவில் கண்டால் யார் நம்பமாட்டார்கள்? என் மனைவி மர்ளியாவின் வாப்பா நெய்னார் மாமாவும் நம்பினார். மகளுக்குச் சீதனமாகத் தந்த இந்த வீட்டுக்குள் அதன்பிறகு அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. 2016இல் மௌத்தானார். இறக்கும்வரை அந்தக் கதையை நம்பினார்.

அந்தக் கதை யார் வாயிலிருந்து கிளம்பியது? செய்தி தேடுவதையே தொழிலாக்கிக்கொண்ட என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 26, சனி

வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கையில் பேரீச்சம்பழப் பெட்டி. எழுபது வயது. உடம்பு வற்றிவிட்டது, குரல் வற்றவில்லை. மர்ளியா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பி மர்ஸூக், தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதும் நோவினை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்."

எல்லா வாசலிலும் சொல்லும் வசனம். நான் கேட்டேன்: "எத நானா?"

"எத எண்டா... மனிசன்தானே. எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் எண்டு ஒரு செய்தி எழுத ஏலாது நானா. என்ன செஞ்சீங்க, எப்ப செஞ்சீங்க, சொல்லுங்க. அதுக்குப் பிறகு பொருந்துறதப் பத்திக் கதைப்பம்."

"பேப்பர்காரன் எண்டா மாப்புக்கும் கேள்வி கேப்பான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிளேன்டீ ஆறும்வரை இருந்துவிட்டு, குடிக்காமலே எழும்பினார்.

வேன் கதவை இழுத்து மூட அவருக்கு மூன்று தடவை எடுத்தது. பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல ருசியாக இருந்தது.

ஏப்ரல் 27

பேரீச்சம்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

மே 2, வெள்ளி

மதுரங்குளிப் பள்ளிவாசல் மௌலவி போனில் கோல் எடுத்தார். "மர்ஸூக் நானா, வயசான மனிசன். பொருந்திக்கிட்டா உங்களுக்கும் நன்மைதானே."

"ஓம் மௌலவி. எதப் பொருந்தச் சொல்லிக் கேட்டார்?"

"அது... விவரம் சொல்லல்ல."

"விவரம் கிடைச்ச உடன எடுங்க."

ஆள் பிடித்து அனுப்புகிறார் என்றால் பயம் ஏறிவிட்டது. இன்னும் ஏறட்டும். 2004இல் அந்த ராத்திரி என் காலில் வீக்கம் ஏறினதுபோல.

மே 4, ஞாயிறு

திரும்ப வந்தார், தனியாக, த்ரீவீலில். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். முழங்கால் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது வேறு.

"நீ குடிக்கிறாய் எண்டு சொன்னது நான்தான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஆரிட்ட?"

"மைதானத்தில, லீக் கூட்டத்தில. எல்லாரும் இருந்தாங்க, ரெண்டு ஸ்கூல் அதிபரும் இருந்தாங்க. நீ அந்த ஊசிக் கதைய வெளிய எடுத்துருவாயோ எண்டு பயம். குடிகாரன்ட கதைய ஆரும் காதில எடுக்க மாட்டாங்கதானே."

"அப்ப முழங்கால்?"

"அது போட்டி, தம்பி. எல்லாக் கழகத்திலயும் ஊசி போட்டுத்தான் இறக்குற. அதில என்ட பாவம் ஒண்டுமில்ல."

"டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னார்?"

தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். குசினிக்குள் ஒரு சட்டி விழுந்த சத்தம். மர்ளியா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இருபது வருஷம். இந்த மனிசன் என்ட கால முறிச்சிட்டு, அந்தக் காலயே எனக்கு எதிரா சாட்சிக்கு நிறுத்தியிருக்கான். நான் நொண்டி நொண்டிப் போற ஒவ்வொரு நாளும் அவன்ட பொய்க்கு நானே சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கன். இவனுக்கு நான் பொருந்தவா?

அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. எல்லாருக்கும் முன்னால திருப்பி எடுங்க. பிறகு பார்ப்பம்."

பத்தாம் திகதி லீக் இறுதியாட்டம். லீக்கின் தலைவர் அவர்தான். அவரைப் பயணம் அனுப்பும் நிகழ்வும் அங்கேயே. மைக் இருக்கும். யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். நாள் முழுக்க வாக்குச் சாவடிகள். மர்ளியா இரண்டு நாளாகப் பேசவில்லை. என்னோடு கோபமா என்று கேட்டேன். "உங்களோட இல்ல" என்றாள்.

மே 10, சனி

மைக்கைப் பிடித்தார். "தெரிஞ்சோ தெரியாமலோ" என்று தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சனம் ஒரே குரலில், "பொருந்திக்கிட்டம் ஹாஜியார்." பின்னாலிருந்து ஒருவன், "இன்னும் பிளேனே ஏறல்ல, அதுக்குள்ள ஹாஜியாரா?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

சரி. அவருக்கு மைக் இருந்தது, எனக்குப் பத்திரிகை இருக்கிறது. ஆட்ட முடிவு, கோல் அடித்தவர்கள், பிரமுகர்கள் எல்லாம் வழமைபோல எழுதினேன். கடைசியில்: "லீக் தலைவர் பதுர்தீன் அனைவரிடமும் மாப்புக் கேட்டார். மைதானத்தில் இருந்தவர்களில் ஒருவர் பொருந்திக்கொள்ளவில்லை."

செய்தி ஆசிரியர் கோல் எடுத்தார். "அந்த ஒருத்தர் ஆர்? உறுதியா?"

"உறுதி. நேரடியாத் தெரியும்."

மே 12, திங்கள்

வந்திருக்கிறது. கடைசி வரியை வெட்டவில்லை.

மே 14, புதன்

றிஸ்மின் சொல்கிறான்: "எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான் நானா. ஆர் அந்த ஒருத்தர், அப்பிடி என்ன செஞ்சீங்க எண்டு. நேத்து ஒரு வீட்டில சாப்பாட்டில கை வெச்சவர் எழும்பி வந்துட்டார்."

திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இன்று கால் நோகவில்லை. காரணம் உறுதியாகவில்லை.

மே 16, வெள்ளி

மதுரங்குளிப் பள்ளியில், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றார். 2005இல், மைதானத்தில், லீக் கூட்டத்தில், மர்ஸூக் குடிக்கிறார் என்று தான் சொன்னது பொய். அவர் குடித்து ஒருநாளும் கண்டதில்லை. தன் பெயரைக் காப்பாற்றச் சொன்னது. நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அந்த அதிபர்களில் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவர் திரும்பவே இல்லை.

மற்ற எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கதிரையைப் பிடித்து எழும்ப எனக்கு நேரம் எடுக்கும். காத்திருந்தார்கள்.

"பொய்யப் பொருந்திக்கிட்டன். முழங்காலப் பொருந்தல்ல."

அவர் தலையை ஆட்டினார்.

இப்படி நிமிர்ந்து வீட்டுக்கு வந்து எத்தனை காலம். மர்ளியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சொல் பிசகாமல் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"முழங்கால் உங்கட. வெச்சிருங்க, குடுங்க, உங்கட இஷ்டம். பொய்ய ஆரக் கேட்டுப் பொருந்தினீங்க?"

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"என்ட வாப்பா இந்த வாசல் வரைக்கும் வந்து, பேத்திக்கு வாங்கினதக் கையில தந்துட்டு, உள்ளுக்கு வராமத் திரும்பிப் போவார். மௌத்தாகக்கொள்ளயும் என்ட கையப் பிடிச்சிட்டு, பொறுமையா இரு மக எண்டுதான் சொன்னார். குடிகாரனக் கட்டின மகளப் பாத்துச் சொல்ற மாதிரி. நீங்க அவருக்கும் சேத்துப் பொருந்தினீங்களா? ஆம்புளையள் எல்லாம் பள்ளிக்குள்ள கேட்டு, குடுத்து, முடிச்சிட்டீங்க. என்னட்ட ஆரும் கேக்கல்ல."

கையைக் கழுவிவிட்டு என் போனை எடுத்துப் பதுர்தீன் நானாவுக்கு அவளே கோல் எடுத்தாள். "நான் நெய்னார்ட மக மர்ளியா. பொருத்தம் கிடைச்சிட்டு எண்டு நினைச்சிட்டு நீங்க பிளேன் ஏற வேணாம்." அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ கதைத்தது. "ஓம். வாங்க" என்று வைத்தாள்.

பொருந்துவாயா என்று கேட்டேன்.

"கேக்கிறவருக்குத்தான் பதில் சொல்லுவன்."

இப்போது மாலை ஆறு. முன் அறையில் இரண்டு கதிரை போட்டிருக்கிறாள். இரண்டில் ஒன்றும் எனக்கில்லை.

வேன் இரவு பத்துக்கு மதுரங்குளியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்படுகிறது. அதற்கு முன், மஃரிப் தொழுகைக்குப் பிறகு, பதுர்தீன் நானா இங்கு வருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மர்ளியாவின் பதில் உறுதியாகவில்லை.